தள்ளிப்போடாமல் கிளம்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுத்த குழந்தை பிறப்பதற்குள் மூத்த பிள்ளைகளோடு ஒருமுறை வெளியே போய்வர வேண்டும் என்று ஆசைப்படும் பல குடும்பங்கள், அதை எட்டு, ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடுகின்றன. கர்ப்பத்தின் 14 முதல் 27 வாரங்களுக்குள் போவதே நல்லது. குமட்டல் தணிந்திருக்கும், நடப்பதும் சிரமமாக இருக்காது. 28 வாரத்துக்குப் பின் பல விமான நிறுவனங்கள் மருத்துவரின் கடிதம் கேட்கின்றன.

காரில் போகும்போது, வயிறு அழுந்தும் என்று சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுவது பேராபத்து. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் குறுக்கே கிடந்தால், மோதலின்போது நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிடக்கூடும். சின்னப் பிள்ளையை மடியில் வைக்கவே கூடாது. அதற்குத் தனிக் குழந்தை இருக்கை வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். கர்ப்பகாலத்தில் கால் நாளங்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மதியத் தூக்கம் கெட்டால் மாலையில் பிள்ளை அம்மாவிடம்தான் தூக்கச் சொல்லி அழும். தூக்கும் வேலையைக் கூட வருபவர் முழுவதுமாக ஏற்க வேண்டும். இதில் சலுகையே கூடாது.

பரிசோதனைக் குறிப்பேடு கைப்பையில் இருக்கட்டும். ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, பார்வை மங்கலோடு கடும் தலைவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பயணத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
தாய்சேய் நலனில் அக்கறையுள்ள வாசகர்கள்