அந்தக் கம்பியை மட்டும் அறுத்துவிடுங்கள்

எங்கள் லே-அவுட்டில் பொது இடமாக விட்ட ரிசர்வ் சைட்டைப் பூங்காவாக்கிக் கொடுத்த கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) குழுவினருக்கும், அந்த டிராயிங்கில் கையெழுத்துப் போட்ட மாநகராட்சிப் பொறியாளர்களுக்கும் வணக்கமுங்க.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாங்கிக்கொண்டு நொட்டை சொல்கிறான் என்பீர்கள். கோவையின் இந்தக் கோடிக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அந்த இடம் சீமைக்கருவேலமும் பிராந்தி பாட்டிலும் இடித்த கட்டட மண்ணுமாகத்தான் கிடந்தது. நீங்கள் வந்து சுத்தம் பண்ணி, காம்பவுண்டு கட்டி, லைட் போட்டீர்கள். இப்போது பொழுதோட பெண்கள் தனியாக வந்து நடக்கிறார்கள். அது பெரிய காரியம்தான்.

சரி, பெஞ்சுக்கு வருகிறேன். பன்னிரண்டு பெஞ்சு போட்டிருக்கிறீர்கள், பன்னிரண்டிலும் நட்டநடுவில் ஒரு இரும்புக் கம்பியை வளைத்து வெல்டு வைத்திருக்கிறீர்கள். கை வைத்துக்கொள்வதற்கு என்று பார்த்தால், நாலு விரல் உயரம்தான் இருக்கிறது, முழங்கை எட்டாது. வேலை நடந்தபோது மேஸ்திரியிடம் கேட்டேன். "யாரும் படுக்கக் கூடாதுன்னு டிராயிங்லயே போட்டிருக்குதுங்க" என்றார்.

யாருங்க வந்து படுக்கப் போகிறார்கள்? இந்தப் பக்கம் முழுக்க லேத் பட்டறையும் ஃபவுண்டரியும்தான். நைட் ஷிப்ட் முடித்து வந்தவன், ரூமில் இன்னொருத்தன் எழுந்து இடம் விடும் வரை எங்காவது முதுகை நீட்ட வேண்டும். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வண்டி ஓட்டும் பையனுக்கு மத்தியானம் அரைமணி நேரம் கிடைக்கும். அவர்கள் ஒரு பெஞ்சில் கண் அசந்தால் பூங்காவுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. குடிப்பவர்கள் வந்துவிடுவார்கள் என்பீர்கள். அதற்கு வாட்ச்மேன் போட்டிருக்கிறீர்களே, கம்பியா போய் விரட்டப் போகிறது?

படுப்பவரைத் தடுக்க வைத்த கம்பி உட்காருபவரையும் சேர்த்துத் துரத்திவிட்டது, அதுதான் வேடிக்கை. என் அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, மூட்டுத் தேய்மானம். பெஞ்சில் சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை இல்லை, எழும்போது ஊன்றிக்கொள்ள ஓரத்தில் கைப்பிடி இல்லை. முதல் நாள் கூட்டிக்கொண்டு போனேன். உட்கார்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை. "புடிக்கிற ஓரத்துல ஒண்ணையும் காணோம், இடிக்கிற நடுவுல வெச்சிருக்கறாங்க பாரு கண்ணு" என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து எழுந்து, வாட்ச்மேன் ரூம் படிக்கட்டில் போய் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இப்போது அவர் வயது அம்மணிகள் நாலைந்து பேருக்கு அந்தப் படிக்கட்டுதான் திண்ணை. பன்னிரண்டு பெஞ்சும் பளபளவென்று காலியாகக் கிடக்கின்றன.

நிழல் இருந்தாலாவது யாராவது பொறுத்துக்கொண்டு உட்காருவார்கள். அங்கே இரண்டு வேம்பும் ஒரு புங்கனும் இருந்தன, கருவேலத்துக்கு நடுவே தானாக வளர்ந்தவை. நடைபாதை நேராக வர வேண்டும் என்று மூன்றையும் வெட்டினீர்கள். பாதையை ஒரு பத்தடி வளைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக ஓரமெல்லாம் கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு அலங்கார மர வரிசை. சீக்கிரம் வளரும், வெட்டிவிட்டால் பச்சைச் சுவர் மாதிரி நிற்கும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். சுற்றுச்சூழலுக்கும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது என்று அதை நடவே கூடாதென குஜராத் அரசு 2023-லேயே உத்தரவு போட்டுவிட்டது. அதன் அடியில் உட்காரவும் முடியாது, அது வேறு.

சறுக்கு முழுக்க எவர்சில்வர், மேற்கே பார்த்து வைத்திருக்கிறீர்கள். சாயங்கால வெயில் அத்தனையும் அதில்தான் விழுகிறது. நாலரை மணிக்கு என் மகள் ஒரே ஒரு தடவை இறங்கிவிட்டுத் தொடையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஓடி வந்தாள். கையை வைத்துப் பார்த்தேன், இட்லிப் பானை மூடி மாதிரி இருந்தது. கீழே விரித்த கறுப்பு ரப்பரும் அப்படித்தான், செருப்பைக் கழற்ற முடியாது. அந்தப் புங்கனை விட்டுவைத்து அதன் அடியில் சறுக்கைப் போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

கழிப்பறை கிடையாது, ஆனால் நீரூற்று இருக்கிறது. பல வார்டுகளில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை என்று தெரிந்த ஊரில் நீரூற்று. திறப்பு விழா அன்றைக்கு ஓடியதோடு சரி.

அப்புறம் பேர்ப்பலகை. ஒருநாள் நடந்துகொண்டே எண்ணினேன், குப்பைத்தொட்டி, ஊஞ்சல் கம்பம் எல்லாம் சேர்த்து பத்தொன்பது இடத்தில் உங்கள் லோகோ. வாசலில் ஒன்று வையுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் இது என்ன பணம் என்று உங்களுக்கே தெரியும். 2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, முந்தைய மூன்று வருட நிகர லாபச் சராசரியில் 2 சதவீதத்தை உங்களைப் போன்ற பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. சொந்தப் பொருளுக்கு விளம்பரப் பலன் தேடி ஸ்பான்சர் செய்வது அந்தக் கணக்கில் சேராது என்று 2021-இல் திருத்திய விதியிலேயே இருக்கிறது. இடமும் யாரும் சும்மா கொடுத்ததல்ல. லே-அவுட் போட்டபோது பொது இடத்துக்கென்று 10 சதவீதம் விட்டு தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தார்களே, அதன் விலையையும் எங்கள் தலையில் வைத்துத்தான் சைட் விற்றார்கள்.

அதனால்தான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கம்பெனி குடும்ப விழாவுக்காக கேட்டைச் சாத்தியது எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. சிகாகோவில் மில்லேனியம் பார்க் என்று ஒன்று, அதுவும் பல கம்பெனிகள் காசு போட்டுக் கட்டியதுதான். 2005 செப்டம்பர் 8 அன்று டொயோட்டா 8 லட்சம் டாலர் கொடுத்து அதன் பெரும்பகுதியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஊர்க்காரர்கள் உள்ளே வர முடியாமல் நின்று, பெரிய சண்டையாகிவிட்டது. அங்கேயாவது வாடகை வந்தது.

கேட்பது இவ்வளவுதான். காலை 10 மணிக்குப் பூட்டி 4 மணிக்குத் திறப்பதை நிறுத்துங்கள், நிழல் தேவைப்படும் நேரமே அதுதான். வருகிற ஆடி மழைக்குள் பெஞ்சுக்கு மேற்கே ஆளுயர வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் வையுங்கள், தண்ணீர் ஊற்ற எங்கள் வீதியில் ஆள் இருக்கிறது. கழிப்பறைக்கு அடுத்த வருட பட்ஜெட் வரை காத்திருக்கிறோம்.

கம்பிக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் கிரில் பட்டறை வைத்திருக்கிறார், பன்னிரண்டையும் அரை நாளில் அறுத்து, பிசிறு தேய்த்து, அதே கம்பியை ஓரத்தில் கைப்பிடியாக வெல்டு வைத்துக் கொடுத்துவிடுவேன், கூலி வேண்டாம் என்கிறார். நீங்கள் ஒரு அனுமதிக் கடிதம் கொடுத்து, மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் எடுக்க விட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கும் பட்டறை லீவு.