பாக்சர்களின் அறமும் முழக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சீனாவில் 1900-ஐ ஒட்டி அந்நியருக்கும் கிறித்தவ மிஷனரிகளுக்கும் எதிராக எழுந்த பாக்சர் கிளர்ச்சி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, கிளர்ச்சியாளர்களை வெறும் மூடநம்பிக்கைக் கும்பலாகக் காட்டியது ஏற்புடையதன்று. வறட்சியாலும், ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பாலும், வழக்குகளில் மிஷனரிகள் தலையிட்டதாலும் கொதித்துப்போன ஷான்டோங் பகுதி உழவர் இளைஞர்கள், கொள்ளையும் காமமும் தங்கள் மீது இறங்கும் தெய்வ சக்தியைக் கெடுத்துவிடும் என்று நம்பினர். 'சிங் அரசைக் காப்போம், அந்நியரை அழிப்போம்' என்ற முழக்கம் இந்த ஒழுக்கத்தை, அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்சத்தின் மீதான விசுவாசத்தோடு பிணைத்தது. அவர்களின் ஆதரவையும் நம்பியே பேரரசி சிஷி 1900 ஜூனில் வல்லரசுகள் மீது போர் அறிவித்தார்.

ஆனால் அந்த அறத்தின் எல்லைக்குள் சீனக் கிறித்தவர்களுக்கு இடமில்லை (கட்டுரை இதைத் தொடவே இல்லை). கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்களே. அடக்க வந்த எட்டு நாட்டுப் படைகளோ, நாகரிகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே பெய்ஜிங்கைச் சூறையாடின.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை