மாட்டுக்கு ஒத்தது மனிதருக்கும் ஒத்துவருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டு மூலிகைகளைக் கொண்டு செய்யும் கைவைத்தியக் குறிப்புகள் இதழ்களில் தொடர்ந்து வெளிவருவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவற்றில் பல, 'ஒரு கைப்பிடி இலையை அரைத்துக் கொடுக்கவும். மனிதருக்கும் மாட்டுக்கும் நல்லது' என்ற அளவிலேயே நின்றுவிடுவதால் இதை எழுத நேர்ந்தது.

நாம் விழுங்கும் மருந்து நேரே இரைப்பைக்குப் போகிறது. மாடும் ஆடும் தின்றதையோ முதலில் எதிர்கொள்பவை, அவற்றின் அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். அவை சில நஞ்சுகளை முறித்துவிடும், சிலவற்றை இன்னும் விரைவாக வெளிவிடும். சவுண்டல் மர இலையிலுள்ள மிமோசின் என்னும் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் வாய்த்த மந்தைக்கு அது நல்ல தீவனம். அத்தகைய வயிறு இல்லாத குதிரை அதையே தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். ஆகவே உடல் எடைக்கு ஏற்ப அளவைக் கூட்டிக் குறைத்தால் மட்டும் போதாது.

அனுபவத்தில் கண்டது பொய்க்காது என்பார்கள். தின்றவுடன் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் செடியை அனுபவம் காட்டிக்கொடுத்துவிடும். பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகத்தைக் கெடுப்பதை அது எவ்வாறு அறியும்? குடற்புழுவுக்கும் விஷக்கடிக்கும் சொல்லப்படும் ஆடுதீண்டாப்பாளையில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலியக் கொடுக்கப்பட்ட மூலிகை மருந்தில் இதே பேரினத்தைச் சேர்ந்த சீனச் செடியொன்று வேறொரு மூலிகைக்குப் பதிலாகக் கலந்துவிட, பல பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. (பாம்புக்கடிக்கு இதை நம்பிக் காலம் கடத்துவது தனிக் கொடுமை.) தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்றவற்றில் ஈரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு, கறவை மாடு தின்றால் அவ்வகை நஞ்சு பாலிலும் இறங்கக்கூடும்.

நாட்டு மருத்துவத்தைப் பழிப்பதாக இதைக் கொள்ள வேண்டாம். ஆர்ட்டிமீசியா செடியைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன 4ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பைப் படித்தே, சூடு அதன் மருந்துத் தன்மையைக் கெடுக்கலாம் என்று சீன அறிவியலாளர் டூ யூயூ ஊகித்தார். அதிலிருந்து கிடைத்த மலேரியா மருந்துக்காக 2015இல் நோபல் பரிசும் பெற்றார். செய்முறையை ஒழுங்காக எழுதிவைத்ததால் கிடைத்த பயன் அது.

எனவே செடியின் தாவரவியல் பெயர், பயன்படும் பகுதி, பச்சையா உலர்ந்ததா, எத்தனை கிராம், எந்த உயிருக்கு, சினையாகவோ கறவையாகவோ இருந்தால் தரலாமா என்பவை இல்லாத குறிப்புகளை, அனுப்பியவரிடமே திருப்பிக் கேட்டு வாங்கிய பின் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்