லாட்ஜர் என்று எழுதப்பட்ட பெரிய அம்மாச்சி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவை ஊரிலிருந்து உன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. 92 வயசில் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்களே என்று எனக்கே இங்கிருந்து கவலையாக இருந்தது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்க மாட்டாய், தெரியும்.

நான் இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் வம்சாவளி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். நாலு தலைமுறை போதும். அவன் அம்மா வழிக்குப் பெயர் கேட்கச் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். நினைவிருக்கிறதா, கல்யாணத்துக்கு மதுரை வந்தபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசிக்கொண்டிருந்தாரே, அவர்தான். "போனில் சொல்லி முடியாது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்றார். அன்று தொடங்கியது, இப்போது நாலு மாசம் ஆகிறது. பேரன் பாடத்தை எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டான். நாங்கள் இரண்டு பேரும்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

சர்ச் முடிந்து மூன்று மணிக்கு வருவார். கையில் பவுண்ட் கேக் இருக்கும். ஒரு பவுண்ட் வெண்ணெய், ஒரு பவுண்ட் சர்க்கரை, ஒரு பவுண்ட் மாவு, ஒரு பவுண்ட் முட்டை, அதனால் அந்தப் பெயர். அந்தக் கேக்குக்கே ஒரு கதை இருக்கிறது. அவர் அம்மா 1926இல் அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் கிரீன்வுட் பக்கத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பருத்திக்காடு. நம் ஊர் வாரக்குடி மாதிரிதான்: நிலம் வெள்ளைக்காரருடையது, உழைப்பு இவர்களுடையது, வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் எப்போதும் இவர்கள்தான் கடன்காரர்கள். 1944இல் அதே வட்டாரத்தில் கிளார்க்ஸ்டேல் பக்கம் பருத்தி எடுக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். அதன் பிறகு மெல்ல மெல்ல ஆளும் தேவையில்லை என்று ஆனது. 1946இல் இவர் அம்மா இல்லினாய் சென்ட்ரல் ரயிலில் ஏறி சிகாகோ வந்தார். தெற்கில் கறுப்பின மக்களுக்கு ரயிலில் தனிப் பெட்டி. சாப்பாட்டுப் பெட்டியில் இடம் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் திரை போட்ட மூலைதான். அதனால் வீட்டிலிருந்தே செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பொரித்த கோழி, அவித்த முட்டை, ரொட்டி, இந்தக் கேக் எல்லாம் கட்டிக்கொண்டு வருவார்களாம். இரண்டு நாள் கெடாது. ஆற்றுப்பாலத்தைக் கடந்து, இல்லினாய் மாநிலத்தில் கெய்ரோ என்ற ஊரைத் தாண்டினால் எந்தப் பெட்டியிலும் உட்காரலாம். "அந்தப் பாலத்தைக் கடந்த பிறகுதான் அம்மா கேக்கை எடுத்தாராம், அதுவரை பசியே தெரியவில்லையாம்" என்று சொல்லிவிட்டு, சம்பந்தியம்மா எனக்கு ஒரு துண்டு வெட்டி வைத்தார். எனக்கு உடனே வாயில் போட முடியவில்லை.

1910 முதல் 1970 வரை இப்படித் தெற்கை விட்டுக் கிளம்பியவர்கள் 60 லட்சம் பேர். அவர்களில் ஒருத்தி என்பது வேறு, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய ஒருத்தியின் மகள் நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்வது வேறு.

இங்கே அமெரிக்காவில் சென்சஸ் எடுத்தால் ஆட்களின் பெயர் உள்ள தாள்களை 72 வருஷம் பூட்டி வைப்பார்கள். 1950 சென்சஸை 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் கையால் எழுதியதைக் கணினி படித்துப் போட்ட பெயர்ப்பட்டியல் அது. பெயரைத் தட்டினால் வரவே இல்லை. பழைய கடித உறை ஒன்றிலிருந்து முகவரியைப் பிடித்து, எந்தக் கணக்கெடுப்பு வட்டம் என்று வரைபடத்தில் பார்த்து, தெருத் தெருவாகத் தாள்களைப் புரட்டினோம். சிகாகோ தென்பகுதியில் பிரான்ஸ்வில் என்று சொல்வார்களே, அங்கே. பெரிய வீடுகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள்; ஒரு மாடிக்கு ஒரே குளியலறை. அதனால் ஒரே கதவு எண்ணில் பக்கம் பக்கமாக ஆட்கள்.

ஒரு தாளில் 30 வரி. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 17ஆவது வரியில் அவர் அப்பா கிடைத்தார். வயசு 28, இறைச்சித் தொட்டியில் வேலை. ஆறு வரிக்காரர்களிடம் மட்டும் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள். அவர் வரி அதில் விழுந்திருந்தது. தாளின் அடியில் படிப்பு என்ற இடத்தில் 7 என்று இருந்தது. சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தது இவர்தான்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. (அந்த அப்பா 1944இல் பிரான்சில் ராணுவ லாரி ஓட்டியவர். அந்த லாரிப் படையில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். அவருடைய ராணுவக் கோப்பைக் கேட்டு எழுதினோம். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கில் பிடித்த தீயில் 1.6 கோடிக்கு மேல் கோப்புகள் எரிந்தன, அதில் இதுவும் போயிற்று.)

அப்பாவுக்கு அடுத்த வரியில் அம்மா, 24 வயசு. அதற்கும் அடுத்த வரியில் ஒரு பெண், 61, விதவை, பிறந்தது மிசிசிப்பி. உறவு என்ற இடத்தில் "லாட்ஜர்", அதாவது காசு கொடுத்துத் தங்கியிருப்பவர். பெயரைப் பார்த்ததும் சம்பந்தியம்மா, "இது ஆன்ட்டி! என்னைத் தூங்கவைத்த ஆன்ட்டி!" என்று கத்திவிட்டார். மூக்குப்பொடி வாசனையும், தலை பின்னிவிட்ட விரல்களும் அவருக்கு நினைவிருக்கின்றன. 6 வயசாக இருந்தபோது அந்த அம்மாள் இறந்துபோனார். யாரோ வாடகைக்கு இருந்த வயசான பெண்மணி, மரியாதைக்கு ஆன்ட்டி என்று கூப்பிட்டோம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருக்கிறார்.

சிகாகோ இருக்கும் குக் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) 1958 இறப்புச் சான்றிதழின் நகல் வாங்கினோம். அதில் இறந்தவரின் அப்பா அம்மா பெயர் இருக்கும். அந்த அம்மா பெயர், சம்பந்தியம்மா வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் மையால் எழுதிவைத்திருக்கும் பெயர். தகவல் தந்தவர் என்ற இடத்தில் இவருடைய அம்மா பெயர். 1900 சென்சஸையும் எடுத்தோம், லெஃப்ளோர் கவுண்டி, ஒரே வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்: 11 வயசில் ஒருத்தி, 3 வயசில் ஒருத்தி. பெரியவள்தான் அந்த லாட்ஜர். சின்னவள் சம்பந்தியம்மாவின் அம்மாச்சி.

யோசித்துப் பாரடி. நம் மொழியில் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் வாய் திறந்து கூப்பிட்ட அன்றைக்கே பெரிய அம்மாச்சி என்று தெரிந்திருக்கும். ஆன்ட்டி என்ற ஒரே சொல்லுக்குள் அந்த உறவு 70 வருஷம் ஒளிந்திருந்தது. ஏன் லாட்ஜர் என்று சொன்னார்கள்? வீட்டுக்காரருக்குப் பயந்தா, கணக்கெடுக்க வந்தவர் அவசரத்தில் எழுதினாரா? சம்பந்தியம்மா அம்மா மேல் கோபப்பட்டு, பிறகு இரண்டு நாள் கழித்துப் போனில் சொன்னார்: "அவர் எவ்வளவோ கஷ்டத்தைச் சொல்லாமல் விழுங்கியவர், இதையும் விழுங்கிவிட்டார்."

அதே 1900 தாளில் அந்தத் தாயிடம் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார்கள். பெற்ற பிள்ளைகள்: 11. உயிரோடு இருப்பவர்கள்: 6. இரண்டு எண், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில். அவ்வளவுதான். நான் அதற்கு மேல் அன்று எதையும் படிக்கவில்லை.

அந்தக் குடும்பத்தின் ஞாபகம் எங்கே அறுந்தது என்று எனக்கு இப்போது தேதியோடு சொல்ல முடியும். 1955 ஆகஸ்டில் எம்மெட் டில் என்ற 14 வயசுச் சிகாகோப் பையன் விடுமுறைக்கு மிசிசிப்பி போனான். மணி என்ற சிற்றூர்க் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஏதோ சொன்னான் என்று இரவில் தூக்கிக்கொண்டு போய் அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். அவன் அம்மா, உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். சம்பந்தியம்மாவின் அப்பா அம்மாவும் நின்றார்கள், 3 வயசுக் குழந்தையான இவரை இடுப்பில் வைத்துக்கொண்டு. மணியும் லெஃப்ளோர் கவுண்டிதான், அவர் அம்மா பிறந்த ஊருக்குப் பத்து மைல்தான். அதுவரை கோடை வந்தால் குடும்பமாக ரயிலேறி ஊருக்குப் போய்வருவார்களாம். அந்த வருஷத்தோடு போவதை நிறுத்திவிட்டார்கள். தாத்தா பாட்டி மடியில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கதையெல்லாம் அங்கேயே நின்றுபோயின. மறந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. மறக்கவைத்தார்கள்.

இதற்கு முன்னாலும் அப்படித்தான். 1890 சென்சஸ் 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் சேதமாகி, பிறகு அநேகமாக முழுதும் போய்விட்டது. 1880க்கும் 1900க்கும் நடுவில் 20 வருஷம் வெறும் ஓட்டை. 1870இல் அந்த 11 பெற்ற தாய் 12 வயசுச் சிறுமி. லெஃப்ளோரில் மூன்று வாரம் தேடினோம், கிடைக்கவில்லை. அந்தக் கவுண்டியே 1871இல்தான் உண்டானது என்று நூலகத்தில் சொன்ன பிறகு கேரல் கவுண்டியில் பார்த்தோம், இருந்தாள். கூட 30 வயசில் ஒரு பெண். அம்மாவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் உறவைக் கேட்டு எழுதும் வழக்கம் 1880இல்தான் வந்தது. அதனால் எங்கள் தாளில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

அதற்கு மேலே சுவர். அடிமைகளாக இருந்த மக்களை முதன்முதலாகப் பெயரோடு எழுதியது 1870இல்தான். 1860இல் எஜமான் பெயர் மட்டும் இருக்கும், அதன் கீழே வரிசையாக வயசு, ஆணா பெண்ணா, நிறம். "2, பெண், கறுப்பு." "2, பெண், கறுப்பு." பக்கத்துக்குப் பக்கம் இப்படி. சம்பந்தியம்மா திரையில் ஒவ்வொரு இரண்டின் மேலும் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். எந்தக் குழந்தை தன்னுடையது என்று தெரியாது, அதனால் எல்லாவற்றையும் தொட்டார்.

இப்போது நியூ ஆர்லியன்ஸ் சர்ச் பத்திரிகை ஒன்றில் 1870களின் கடைசியிலிருந்து வந்த விளம்பரங்களைப் படிக்கிறோம். விற்கப்பட்டுப் பிரிந்த அம்மாவை, அண்ணனைத் தேடி விடுதலையானவர்கள் போட்டவை. போதகர்கள் அவற்றைச் சர்ச்சில் வாசிப்பார்களாம். கேரல் கவுண்டி என்று எங்காவது வராதா என்று பார்க்கிறோம்.

ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். 1930, 1940 சென்சஸ்களில் நம்மைப் போன்றவர்களுக்கு இனம் என்ற இடத்தில் "ஹிந்து" என்று எழுதினார்கள், சீக்கியரானாலும் முஸ்லிமானாலும். அப்போது இந்தியர்களே விரல் விட்டு எண்ணும் அளவுதான். இந்தியாவிலிருந்து ஆட்கள் தாராளமாக வர வழி விட்டது 1965ஆம் வருஷச் சட்டம். அந்த வருஷம் அந்தச் சட்டம் வர, அதற்கு முன் சம உரிமை கேட்டுத் தெருவில் இறங்கி அடிவாங்கியவர்கள் இந்தக் கறுப்பின மக்கள். 1979இல் நான் சூட்கேஸோடு வந்து இறங்கியபோது யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. சம்பந்தம் பண்ணிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு அதில் வருத்தம்தான்.

சம்பந்தியம்மா 1952இல் பிறந்தவர், அதனால் 1950 தாளில் அவர் இல்லை. 1960 சென்சஸை 2032இல்தான் திறப்பார்கள், அப்போது அவருக்கு 80. "என் பெயரை நானே பார்க்க வேண்டும், அதுவரை இருப்பேன்" என்கிறார். நானும் கூட உட்கார்ந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கேட்டார்: "உங்கள் அம்மாச்சியின் அம்மா பெயர் என்ன?" என்னிடம் பதில் இல்லை. அப்பா வழியில் ஏழு தலைமுறை ஆண் பெயர் ஒப்பிப்பேன், குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டில் அத்தனையும் இருக்கிறது. பெண் பெயர் ஒன்றுகூட அதில் கிடையாது. எங்களைப் பிரித்து யாரும் விற்கவில்லை, எந்தக் கிடங்கும் எரியவில்லை. அம்மா இருந்தவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நான் கேட்கவில்லை. தண்டட்டி போட்டிருப்பார், மோர் விற்பார் என்று அம்மா சொன்னது மட்டும் தெரியும்.

உன் அம்மா எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர். வேப்பமரத்து வீட்டுத் தண்டட்டிக் கிழவி என்று சொன்னால் ஒருவேளை பிடிபடும். காலையில் காபி குடித்ததும் கேள், அப்போதுதான் தெளிவாக இருப்பார் என்று எழுதியிருந்தாய். அவசரப்படுத்தாதே. போனில் பதிவு பண்ணு, அவர் சொல்கிறபடியே. பெயர் நினைவுக்கு வராவிட்டால் அவரைப் பற்றி வேறு எது நினைவிருந்தாலும் சரி.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழி