பார்க்கிங்கில் கூலன்ட் கசிவு: நாய், பூனை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். இன்று காலை பி பிளாக் பார்க்கிங்கில் ஒரு காருக்கு அடியில் பச்சையாக, வழவழவென்று ஒரு திட்டு கிடந்தது. நம் மாடிப்படிப் பூனை அதன் ஓரத்தில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தது. நல்லவேளை, நக்கவில்லை. விரட்டிவிட்டு, மணல் போட்டு உறிஞ்சவைத்து அள்ளி, தரையைக் கழுவிவிட்டோம்.

கார் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகோல் என்ற நச்சு ரசாயனம் இனிக்கும். பூனைக்கு ஒரு டீஸ்பூன் அளவே உயிரைப் பறிக்கலாம். பாதத்தில் ஒட்டியதை நக்கினாலும் ஆபத்துதான்.

நக்கிவிட்டால், முதலில் போதை ஏறியதுபோலத் தள்ளாடும், வாந்தி எடுக்கும், தண்ணீர் நிறையக் குடிக்கும். அப்புறம் தேறிவிட்டதுபோலத் தெரியும். தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள், உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். நக்கியதிலிருந்து, விஷத்தை முறிக்கும் மருந்து பூனைக்கு 3 மணி நேரத்துக்குள், நாய்க்கு 8 முதல் 12 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். சந்தேகம் வந்தாலே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். கூலன்ட் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கார் வைத்திருப்பவர்கள் இன்றே வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். பழைய கூலன்டைத் தரையில் திறந்துவிட வேண்டாம், மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள். எங்காவது பச்சையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால் உடனே இங்கே போட்டோ போடுங்கள்.