ஈவியின் சிறையைப் பற்றி உனக்கு

அன்பு மகளுக்கு,

நீ அலமாரியில் விட்டுப்போன ‘வி ஃபார் வெண்டெட்டா’வை இரண்டு முறை படித்துவிட்டேன். படக்கதைதானே, ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று எடுத்தேன். முதல் வாசிப்புக்கே நாலு நாள் ஆனது.

ஆலன் மூர் எழுத, டேவிட் லாயிட் வரைந்த கதை. 1982இல் ‘வாரியர்’ இதழில் கறுப்பு வெள்ளைத் தொடராகத் தொடங்கியது. இதழ் நின்றதும் கதையும் பாதியில் நின்று, 1988இல்தான் வண்ணத்தில் மறுபடி வெளிவந்து அடுத்த ஆண்டு முடிந்திருக்கிறது. அவர்கள் கற்பனை செய்த எதிர்காலம் 1997. அணு ஆயுதப் போருக்குப் பிறகு பாசிசக் கட்சி ஒன்றின் பிடியில் இருக்கும் பிரிட்டன். அந்த ஆண்டைத் தாண்டி நாம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். ஆனால் அரசுத் துறைகளுக்குக் கண், காது, மூக்கு, விரல், வாய் என்று பெயர் வைத்திருப்பதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

1988இல் மூர் எழுதிய முன்னுரையைப் படித்தாயா? ஒரு நாடு பாசிசத்துக்குப் போக அணுப்போர் அளவுக்குப் பெரிதாக ஏதாவது நடக்கவேண்டும் என்று நினைத்தது தன் அறியாமை என்கிறார். அப்போது அவருடைய இளைய மகளுக்கு ஏழு வயது. குடும்பத்தோடு நாட்டைவிட்டே போய்விடலாமா என்று யோசிக்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, நான் எழுத வந்தது ஈவியைப் பற்றி. பதினாறு வயது. அம்மா இறந்துவிட்டாள், அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அரசை எதிர்த்துப் போராடும் முகமூடிக்காரன் வி-யிடம் அவள் ஒருமுறை, நீங்கள்தான் என் அப்பாவா என்று கேட்கிறாள். இல்லை என்கிறான். அப்புறம் அவளைச் சிறையில் அடைத்து, தலையை மழித்து, விசாரணை என்ற பெயரில் வதைக்கிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, அத்தனையும் வி-யின் ஏற்பாடு.

லாயிட் இந்தக் கதையில் பாத்திரங்களின் மனதில் ஓடுவதை எழுதிக்காட்டும் நினைவுக் குமிழிகளே வேண்டாம், சத்தங்களுக்கான எழுத்துகளும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர். அதனால் அந்த அறைக்குள் அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. பாதி நிழலில் கிடக்கும் முகத்தை நாமே உற்றுப் பார்க்கவேண்டியிருக்கிறது. அவளுக்கு அங்கே கிடைக்கும் ஒரே துணை, கழிவறைக் காகிதத்தில் வாலரி என்ற பெண் கைதி பென்சிலால் எழுதிய கடிதம். அது மட்டும் பொய்யில்லை. முன்பு வி அடைபட்டிருந்த அரசு முகாமில், பக்கத்து அறையிலிருந்து அவனுக்கு உண்மையிலேயே வந்தது. தான் நேசித்த பெண்ணை வீட்டுக்கு அழைத்துப்போனதையும், அம்மா மனமுடைந்து பேசியதையும் வாலரி அதில் எழுதியிருக்கிறாள். அந்த அம்மாவைப் பற்றி அதற்குமேல் அதிகம் இல்லை. பிறகு அவள் மகளைத் தேடினாளா என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் பயத்தைப் போக்கத்தான் செய்தேன், உன்னை நேசிப்பதால் செய்தேன் என்கிறான் வி. ஈவியும் அழுது தீர்த்து, மழையில் நனைந்து, அதை ஏற்றுக்கொள்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் துணிந்தவள் ஆனது நிஜம். ஆனாலும் ஒரு பிள்ளையை அவள் நன்மைக்கு என்று இருட்டில் தள்ள யாருக்கும் உரிமை கிடையாது. அந்த முகாமில் அவனுக்கு நடந்ததையே அவன் அவளுக்குச் செய்கிறான்.

இதை இவ்வளவு கோபமாக எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. நீ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தபோது, மூன்று மாதம் நான் உன்னோடு பேசவில்லை. விலகி நின்றால் உறுதிப்படுவாய் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீ உறுதியாகத்தான் ஆனாய். அதை என் கணக்கில் எழுதிக்கொண்டு இத்தனை வருடம் இருந்துவிட்டேன். அந்த மூன்று மாதம் உன் அறைக்குள் நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அது தப்புதாம்மா.

ஈவி மழையில் நிற்கும் பக்கத்தின் மூலையை நீ மடித்து வைத்திருக்கிறாய். அதை நிமிர்த்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஏன் மடித்தாய் என்று எனக்குச் சொல்வாயா?

அன்புடன்,
அப்பா