பழைய கணினிகளைக் கழிப்பதற்கு முன்

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும் வணக்கம்.

ஹட்டனில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பாடசாலைகளிலிருந்து வருகிறவர்கள் இப்போது கேட்பது ஒன்றுதான்: "விண்டோஸ் 10 முடிஞ்சிருச்சாமே, இந்த மெஷினையெல்லாம் கழிச்சிரலாமா?" தயவுசெய்து கழிக்க வேண்டாம்.

2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் புரொசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் நான் திறந்து பார்த்தவை பெரும்பாலும் யாரோ அன்பளிப்பாகத் தந்த கோர் டூ டுவோ, பழைய ஐ3 மெஷின்கள். அவற்றில் 11 முறைப்படி ஏறாது. ஆனால் மெஷினில் ஒரு பழுதும் இல்லை.

அவற்றில் லினக்ஸ் மின்ட் போடுங்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, லினக்ஸ் வகையைச் சேர்ந்த, 2006இலிருந்து வெளிவரும் இலவச இயங்குதளம் அது. அதன் எக்ஸ்எப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும். 2 ஜிபியிலும் சமாளிக்கலாம், பிரவுசரில் நிறைய டேப் திறக்காத வரைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றிச் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போட்டால் வேகம் எங்கேயோ போய்விடும். பழைய மாணவர் சங்கங்கள் புதுக் கணினிக்குச் சேர்க்கும் பணத்தில் முதலில் இதைச் செய்தால் ஒரு மெஷின் காசில் பல மெஷின்கள் உயிர்பெறும்.

பாடசாலைகளில் நான் அதிகம் பார்க்கும் தொல்லை பென் டிரைவ் வைரஸ்தான். ஒரு பிள்ளை பென் டிரைவைக் குத்துகிறது. ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறி நிற்கின்றன. பாடுபட்டுச் செய்த ஒப்படை போய்விட்டது என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதே பென் டிரைவை லினக்ஸில் போட்டால் அந்த வைரஸ் அங்கே ஓடாது. விண்டோஸில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து கிடந்த அசல் ஃபோல்டர்களும் அப்படியே தெரியும். இழுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம். பல மெஷின்களில் இருப்பது திருட்டுப் பிரதி விண்டோஸ் என்பதையும் சொல்ல வேண்டும். திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட்' பண்ணச் சொல்லும் எழுத்தைப் பார்த்தபடியே பிள்ளைகள் படிக்கிறார்கள். பாடசாலைக்கு அது அழகில்லை.

ஆசிரியர்களின் கவலை தமிழ் டைப்பிங். பாமினி எழுத்துருவை ஏற்றிவிட்டால் பழைய வினாத்தாள்கள் லிப்ரே ஒபிஸில் (எம்எஸ் ஒபிஸ் போன்ற இலவச மென்பொருள்) திறக்கும், பழகிய மாதிரியே தட்டவும் செய்யலாம். யூனிகோட் என்றால் ரெங்கநாதன், தமிழ்99 இரண்டு விசைப்பலகையும் உண்டு. அட்டவணைகள் உள்ள வேர்ட் கோப்புகள் சில நேரம் கொஞ்சம் கலையும். அச்சிடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். மெனு முழுக்கத் தமிழில் வராது, பாதி ஆங்கிலமாகத்தான் நிற்கும்.

அதிபர் அலுவலகக் கணினியை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். சில அலுவலக மென்பொருள்கள் அதில் மட்டும்தான் ஓடும். எங்கும் காணப்படும் கெனன் எல்பிபி 2900 பிரிண்டரும் லினக்ஸோடு லேசில் ஒத்துப்போகாது. நான் கேட்பது பிள்ளைகளின் கணினிக்கூடத்துக்கு மட்டும்.

"நாளைக்கு வேலைக்குப் போனால் விண்டோஸ் தெரியாதே" என்று பெற்றோர் கேட்பார்கள். எக்செலில் போடும் கூட்டல் சூத்திரம்தான் லிப்ரே ஒபிஸின் கல்க்கிலும். அவர்கள் கையிலுள்ள அண்ட்ரொய்ட் போனின் அடியில் ஓடுவதே லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல்தான். கேரள அரச பாடசாலைகளில் பிள்ளைகள் பல வருடங்களாக லினக்ஸில் படிக்கிறார்கள். ஏன், கண்டியின் ஹந்தானை மலைப் பெயரில் 'ஹந்தான லினக்ஸ்' என்று இலங்கையர்களே ஒன்றைச் செய்திருக்கிறார்கள்.

லினக்ஸ் மின்ட் கிட்டத்தட்ட 3 ஜிபி கோப்பு. டவுனில் ஒருமுறை இறக்கினால் போதும், ஒரே பென் டிரைவால் எல்லா மெஷினுக்கும் போடலாம். போடுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் சத்தமும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மெஷினில் உள்ள கோப்புகளை மட்டும் மறக்காமல் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

வரும் விடுமுறையில் ஒரே ஒரு மெஷினில் போட்டு, ஐசிடி ஆசிரியரிடம் ஒரு தவணைக்குக் கொடுங்கள். 'பாவனைக்கு உதவாதவை' பட்டியலை அதுவரை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டாம். கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் என்றால் சனிக்கிழமைகளில் நானே வந்து போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம். தரம் பத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் பக்கத்தில் நிற்கட்டும். அடுத்த மெஷினை அவர்களே போடுவார்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஒரு கணினி திருத்துநர்